ரயில் போகட்டும்

இறக்கத்தில் வரும் ரயிலின் பிரேக் கட்டை சூடேறினால் ஒரு வாசனை வரும், இரும்பு கருகுகிற வாசனை, அதோடு பழைய எண்ணெயும் ஈரமண்ணும் கலந்திருக்கும், கடுகண்ணாவையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது மழை வாசனை மாதிரிதான், வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. போன புதன்கிழமை இரவு ஏழரை மணிக்கு, அறைக்கதவைச் சாத்தி, போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்து, மட்டக்களப்பில் இருக்கிற உளவளத்துணையாளரோடு கதைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது, கூடவே சத்தமும் வந்தது. திரையில் அவர் கொஞ்சம் முன்னால் குனிந்து, "என்ன சத்தம் அது, ரயிலா?" என்றார். "ஆமா மிஸ், கொழும்புக்குப் போறது, பிரேக்கப் புடிச்சுப் புடிச்சுத்தான் எறங்கும்" என்றேன். "ஓம், போகட்டும், நாங்க இருப்பம்" என்றார். ஆறு வாரமாகக் கதைத்ததில் இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருந்தது அந்த ஒன்றரை நிமிடம்தான், அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து தாத்தா நடந்து வந்தார்.

தாத்தா ரயில் பாதையில் கீமேன். ரம்புக்கனையிலிருந்து ஏறி வரும் பாதை 45 அடிக்கு ஓரடி உயர்கிறது, 1867இல் கண்டிக்கு ரயில் வந்த காலத்திலிருந்து எஞ்சின்கள் மூச்சிரைத்த ஏற்றம் அது, அதில் பலன பக்கமாகக் கொஞ்ச மைல் தாத்தாவின் பொறுப்பு. அலகல்ல மலை இன்னும் பனிக்குள் இருக்கும்போதே, தோளில் நீளக்காம்புச் சுத்தியலும் கக்கத்தில் சிவப்புக்கொடியும் பச்சைக்கொடியுமாகக் கிளம்பிவிடுவார், பள்ளிக்கூட லீவு நாட்களில் நானும் பின்னால் போயிருக்கிறேன். சிலிப்பர் கட்டைகளில் பூசியிருக்கும் தாரெண்ணெய் வெயில் ஏற ஏற மணக்கும், அவர் நாலடி நடப்பார், ஒரு தட்டு தட்டுவார், தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்பார், பிறகு நடப்பார். இறுக்கமான ஆப்பு 'டிங்' என்று மேலே போகும், தளர்ந்தது 'டொக்' என்று அங்கேயே விழும், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும், அவர் நின்று திரும்பத் தட்டிக்காட்டுவார். வீட்டுக்கு வந்து கால் கழுவி, உள்ளங்கையில் கித்துள் கருப்பட்டித் துண்டை வைத்து நக்கி நக்கி வெறுந்தேத்தண்ணி குடிப்பார், முழங்காலில் சித்தாலேப தேய்ப்பார், பின்னேரங்களில் யாராவது வந்து படியில் உட்கார்ந்து மகன் குடிக்கிறான், மருமகள் போய்விட்டாள் என்று சொல்வார்கள், அப்போதும் அதே மாதிரித் தலையைச் சாய்த்துத்தான் கேட்பார். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம், அதில் புத்திமதி ஒன்றும் இருக்காது.

இப்போது ஸ்டேஷன் பக்கத்தில் ரயில் நூதனசாலை இருக்கிறது, 2014 டிசம்பரில் திறந்தார்கள், பழைய எஞ்சின்களுக்குப் பளபளவென்று சாயம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். போய்ப் பார்த்தேன், எல்லாம் இருந்தது, சாயத்தின் வாசனைக்கு அடியில் கரியின் வாசனை மட்டும் இல்லை.

அம்மா 1987இல் குவைத்துக்கு வேலைக்குப் போனார், எனக்கு ஆறு வயது. கடிதம் எழுதினால் அம்மாயிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, வாசிக்கத் தெரியாது, பிலிமத்தலாவையில் காசு கட்டி டெலிபோன் பேசலாம், ஆனால் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பக்கத்தில் ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே யாரால் என்ன பேச முடியும், மூன்று நிமிடமும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். அதனால் கசெட். அங்கிருந்து லீவில் வருகிறவர்கள் கையில் அம்மா குரலைப் பதிந்து அனுப்புவார், குரலுக்குப் பின்னால் 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், அது குவைத்தின் காற்று என்று நினைத்திருந்தேன், ஏசி என்று பிறகுதான் தெரிந்தது. இங்கிருந்து அனுப்புவது அம்மாயியின் வேலை. எல்லோரும் படுத்த பிறகு, பின்படியில் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு, ரெக்கார்டரின் இரண்டு பொத்தான்களையும் இரண்டு பெருவிரலால் ஒன்றாக அழுத்துவார், அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே மாட்டார், பிறகு, "மகளே, நாங்க எல்லாரும் நல்ல சொகம்" என்று ஆரம்பிக்கும்.

எல்லோரும் நல்ல சுகமாக இருக்கவில்லை. சின்னம்மா, அம்மாவின் தங்கை, அம்மா போவதற்கு முன்பிருந்தே சாப்பிடாமல், தலை சீவாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார், அப்போதே மந்திரித்த நூல் கட்டினார்கள், பேயோட்டுகிற கட்டாடியாவைக் கூட்டிவந்து விடியவிடியத் தொயில் ஆடவைத்தார்கள், அந்தச் சாம்பிராணிப் புகை ஒரு வாரம் மெத்தையில் இருந்தது, கடன் இரண்டு வருடம் இருந்தது. டாக்டரிடம் காட்டலாம் என்று யாராவது சொன்னால், "அங்கொடைக்கா அனுப்பச் சொல்றீங்க?" என்று அம்மாயி சண்டைக்குப் போவார், மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடை என்பது இந்த நாட்டில் ஊரின் பெயராகவா இருந்தது, ஏச்சாகத்தானே இருந்தது. கடைசியில் ஊர் மிட்வைஃப் மிஸ்தான் ஒரு காலையில் சின்னம்மாவின் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், மாத்திரையும் கிளினிக் கொப்பியுமாக அவர் மெல்ல மெல்லத் தலை சீவத் தொடங்கினார். அந்தக் காலம் எல்லாவற்றிலும் மேலானது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம், அங்கே கேட்கிற காதும் இருந்தது, பூட்டி வைத்த வாயும் இருந்தது. மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்கிற சுமித்ரயோ அமைப்பு கொழும்பில் 1974இல் தொடங்கியிருந்தது, யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யுத்தத்துக்கு நடுவே மனக்காயங்களைப் பற்றித் தமிழிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள், அதெல்லாம் எங்கள் படிவரை வந்து சேரவில்லை.

இன்றைக்கு அங்கொடையிலிருக்கும் அந்தத் தேசிய மனநல நிறுவகமே 1926 என்ற இலக்கத்தில் போன் எடுக்கிறது, அது பெரிய காரியம், உயிருக்கு ஆபத்தான யோசனை வருகிற இரவில் திரைக்கு முன்னால் காத்திருக்கக் கூடாது, அந்த இலக்கத்தை அடிக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் கதை அந்தளவு இல்லை, தூக்கம் போய், காரணமில்லாமல் தொண்டை அடைத்துக்கொண்டே இருந்தது. முதலில் ஒரு செயலியில் காசு கட்டினேன், அழகான படங்கள், இங்கிலீஷில் பதில்கள், நான் எதை எழுதினாலும் "உங்கள் உணர்வு புரிகிறது" என்கிற மாதிரி ஒரே வசனம், மூன்றாம் வாரம் ஆளே மாறிவிட்டது. 'டொக்' என்று அங்கேயே விழுந்தது, ஆப்பு தளர்ந்திருக்கிறது என்று எனக்கே கேட்டது.

இரண்டாம் தடவை கேட்டுப் பார்த்துத்தான் போனேன். இங்கே யாரும் தன்னை உளவளத்துணையாளர் என்று சொல்லிக்கொள்ளலாம், அதனால் எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம், நல்லவர்கள் அதற்குக் கோபிக்க மாட்டார்கள், மட்டக்களப்பு மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள், பதிவு செய்வீர்களா, லைன் அறுந்தால் என்ன செய்வது, எத்தனை வாரத்தில் இது எனக்குச் சரிவருகிறதா என்று இருவரும் திரும்பிப் பார்ப்போம், இவ்வளவையும் முதல் நாளே கேட்டேன். மொழி விசயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும், ஆபீசில் நாள் முழுக்க அதுதான், ஆனால் தொண்டையில் அடைத்துக்கொண்டிருப்பதற்கு இங்கிலீஷில் பெயர் இல்லை, "மனசு பாரமா கெடக்கு" என்பதை மொழிபெயர்த்துச் சொல்லும்போதே அதன் பாரம் பாதி இறங்கிவிடுகிறது, கேட்கிறவருக்கு அந்தப் பாதிதான் போய்ச் சேரும். மிஸ்ஸின் தமிழ் வேறு, என் மலைநாட்டுத் தமிழ் வேறு, ஆனாலும் தோட்டத்து வரிசை வீடுகளை நான் "லயம்" என்றால் அவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குத் திரையில் நடக்கும் சிகிச்சை நேரில் நடப்பதற்கு ஏறக்குறைய ஈடாக உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, நான் நம்புகிறேன், வாரந்தோறும் கண்டி டவுனுக்கு பஸ்ஸில் போய் வரிசையில் நின்று, தெரிந்தவர் யாராவது பார்ப்பார்களோ என்று தலையைக் குனிந்திருந்தால் நான் இரண்டாம் வாரமே விட்டிருப்பேன்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து ஆளைத் தேடினவள், இடத்தைத் தேடவில்லை. என் அறைச்சுவர் பலகைச்சுவர், அந்தப் பக்கம் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார், ஆறு வாரமாக நான் மிஸ்ஸிடம் சொன்னதெல்லாம் அம்மா காதில் விழுந்தாலும் பரவாயில்லாத விசயங்கள்தான் என்பது, ரயில் கடைசிப் பெட்டிவரை இறங்கி முடிகிற அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.

1990 ஆகஸ்ட் 2, ஈராக் படை குவைத்துக்குள் போன நாள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அம்மாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை, ரேடியோவில் சண்டை மட்டும் இருந்தது. கசெட்டைக் கொடுத்துவிட ஆள் இல்லை என்று தெரிந்தும் அம்மாயி ஒரு இரவு பின்படிக்குப் போனார், நான் தூங்காமல் கிடந்தேன், அன்றைக்கு "எல்லாரும் சொகம்" என்று ஆரம்பிக்கவில்லை. "ஒன்னயப் போகச் சொன்னது நாந்தான், தொயில் கடனுக்கு நாந்தான் ஒன்னய அனுப்புனேன், ஒங்கப்பா வேணாம்னுதான் சொன்னாரு" என்று அழுது அழுது சொன்னார். அம்மா ஜோர்தான் பாலைவனத்து முகாமில் கிடந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தார். தாத்தாதான் தன்னை அனுப்பினார் என்று நினைத்திருந்தார், கடைசிவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, தாத்தாவும் சொல்லவில்லை, அம்மாயியும் சொல்லவில்லை. அந்தக் கசெட்டின் மேலேயே அம்மாயி அடுத்த வாரம் "நாங்க எல்லாரும் நல்ல சொகம்" என்று பதிந்துவிட்டார். அடியில் என்ன இருந்தது என்று தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான்.

"ரயில் போயிட்டுதா?" என்றார் மிஸ்.

"போயிருச்சு மிஸ். ஒரு கசெட் விசயம் சொல்லணும், ஆனா இங்க இருந்து ஏலாது" என்றேன். நான் எழும்புவதற்குள் படம் உறைந்து, சிக்னல் விழுந்துவிட்டது, முதல் நாள் பேசி வைத்தபடி அவரே சாதாரண அழைப்பில் எடுத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படியைத் தாண்டிப் பின்படிக்குப் போனேன், லைட் போடவில்லை, விறகுக் கட்டு இருந்த இடத்தில் இப்போது கேஸ் சிலிண்டர் நிற்கிறது, படியின் சிமெந்து குளிர்ந்திருந்தது, பிரேக் வாசனை இன்னும் போகவில்லை. "நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றார் மிஸ், நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தேன், பிறகு அம்மாயி சொன்னதை அம்மாயியின் வார்த்தையிலேயே ஆரம்பித்தேன்.