இரும்பு விளையும் வயல்

நம் ஊர்களில் உழவன் ஏர் ஓட்டும்போது கொழுமுனையில் கல் தட்டுப்படும். சில சமயம் பழங்காலத்துத் தாழி ஓடு அகப்படும். பெல்ஜியம் தேசத்தின் மேற்கு மூலையில் உள்ள குடியானவர்களுக்கு ஆண்டுதோறும் அகப்படும் புதையல் வேறு. 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் சுடப்பட்டு, வெடிக்காமல் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பீரங்கிக் குண்டுகளே அவை. யுத்தம் முடிந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த விளைச்சல் ஓயவில்லை. இதற்கு ‘இரும்பு அறுவடை’ என்றே பெயர்.

ஈப்பர் என்னும் பட்டணத்திலிருந்து வடகிழக்கே பாஸன்டேல் கிராமத்துக்குப் போகும் பாதை கண்ணுக்கு இனியது. இருபுறமும் உருளைக்கிழங்கும் சோளமும் பயிராகும் கறுத்த வயல்கள், நடுநடுவே ஓட்டு வீடுகள், கொழுத்த பசுக்கள். இவ்வளவு சாந்தமான பிரதேசத்தில் லட்சக்கணக்கான மனிதர்கள் மடிந்தார்கள் என்பதை நம்புவதே கஷ்டம். ஆனால் வயலோரத்தில், விளக்குக் கம்பத்தின் அடியில், துருப்பிடித்த குண்டு ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருப்பதைக் காணும்போது நம்பிக்கை வந்துவிடுகிறது.

1914 செப்டம்பர் 22ம் தேதி இரவு ‘எம்டன்’ கப்பல் நம் சென்னையின் மீது அரைமணி நேரத்துக்குள் சுட்டுவிட்டு ஓடிப்போயிற்று. அதற்கே அப்பெயர் நம் பாஷையில் ஒரு சொல்லாக நிலைத்துவிட்டது. ஈப்பரைச் சுற்றிலுமோ நான்கு ஆண்டுகள் சுட்டார்கள். 1917 ஜூலையில், பாஸன்டேலை நோக்கிப் படையெடுப்பதற்கு முன்பாக மட்டும், ஆங்கிலேயர் சுமார் இரண்டு வாரத்தில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தார்கள். பிறகு விடாத மழை பிடித்துக்கொண்டது. குண்டின் முனையிலுள்ள பித்தளைப் பொறி கடினமான தரையில் மோதினால்தான் வெடிக்கும். சேற்றில் விழுந்தவற்றுள் பல சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டன. குளிர்காலந்தோறும் மண்ணிலுள்ள நீர் உறைந்து பொங்கும்போது அவை சிறிது சிறிதாக மேலே வருகின்றன.

இவற்றை வாங்கிச் செல்வதற்கென்றே பெல்ஜியம் ராணுவத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பூல்கபெல்லே கிராமத்தில் அதன் முகாம். ஆண்டுக்கு 150 டன்னுக்குக் குறையாமல் பழைய வெடிபொருள் அங்கே வந்து சேருகிறது. வெடிமருந்துக் குண்டுகளைக் குழியில் இட்டு, மண் மூடி, வெடிக்கச் செய்கிறார்கள். விஷ வாயுக் குண்டு என்று சந்தேகப்பட்டால் எக்ஸ்-ரே படம் பிடித்து, உள்ளே திரவம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தேர்ந்தவர்களே இத்தனை ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்றால் நாம் எவ்வளவு ஒதுங்கி நிற்கவேண்டும்!

ஆயினும் அடையாளம் தெரிந்திருப்பது நல்லது. தெரிந்தால்தானே விலகலாம்? பீரங்கிக் குண்டு உருளை வடிவமானது. ஒரு முனை கூம்பியிருக்கும். அடிப்பக்கத்தைச் சுற்றிச் செப்புப் பட்டை ஒன்று ஓடும். அப்பட்டையில் சாய்ந்த வரிகள் பதிந்திருந்தால், குண்டு பீரங்கிக் குழலின் வழியே சென்றிருக்கிறது, அதாவது சுடப்பட்டும் வெடிக்கவில்லை என்று பொருள். தூங்கும் புலி அது. பட்டை வழவழப்பாக இருந்தால் சுடப்படாதது. அதையும் சாது என்று எண்ணலாகாது. மண் ஒட்டித் துருவேறிவிட்டால் இரண்டும் வெறும் இரும்புக் கட்டியாகவோ பழைய குழாயாகவோ தோன்றும்.

துருப்பிடித்தது செத்துவிட்டது என்று நினைப்பதே பெரிய பிசகு. மேல் ஓடு அரிக்கப்பட்டாலும் உள்ளிருக்கும் மருந்து கெடாமல் இருக்கும். அக்காலத்தில் பல குண்டுகளில் அடைத்த பிக்ரிக் அமிலம், உலோகத்தோடு சேர்ந்து, முன்னைவிட எளிதில் வெடிக்கும் உப்பாகவும் மாறக்கூடும். விஷக் குண்டோ இன்னும் வஞ்சகமானது. 1917 ஜூலையில் ஜெர்மானியர் முதல் முதலாகக் கடுகு வாயுவைப் பிரயோகித்தது இந்த ஈப்பரில்தான். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு இவ்வூரின் பெயரையே இட்டார்கள். வாயு என்று சொன்னாலும் அது எண்ணெய் போன்ற திரவம். தொட்டவுடன் வலிக்காது, சில மணி நேரம் கழித்தே உடம்பு கொப்புளிக்கும்.

2014 மார்ச் மாதத்தில் ஈப்பரில் கட்டட வேலை நடந்த இடத்தில் இத்தகைய பழைய குண்டு ஒன்று வெடித்து இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். யுத்தம் தொடங்கிய நூறாவது ஆண்டு அது. இவ்வளவு தெரிந்தும், ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று குண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்து அகப்பட்டுக்கொள்ளும் பிரயாணிகள் உண்டு. குடியானவர்கள் கம்பத்தடிக்குத் தூக்கி வருவதும், பழக்கத்தால் பயம் போய்விட்டதன் விளைவே. பார்த்துக் கற்கத் தக்க வழக்கம் அன்று.

இப்படிப்பட்ட பொருளை எங்கே கண்டாலும் செய்யவேண்டியது சொற்பம், செய்யக்கூடாததே அதிகம். தொடக்கூடாது, உருட்டக்கூடாது, குலுக்கிப் பார்க்கக்கூடாது, சுரண்டிச் சுத்தம் செய்யக்கூடாது, நெருப்பின் அருகே கொண்டுபோகக்கூடாது, பழைய இரும்பு விலைக்குப் போடலாம் என்று கனவிலும் கருதக்கூடாது. நின்ற இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, மற்றவர்களையும் நெருங்கவிடாமல் தடுத்து, போதிய தூரம் போன பிறகு போலீசாருக்குச் சொல்லவேண்டும். ஏதேனும் திரவம் மேலே பட்டிருந்தால் உடனே நன்றாகக் கழுவி, வலி வரும்வரை காத்திராமல் வைத்தியரிடம் போகவேண்டும்.

ஈப்பர் நகரின் கிழக்கு வாயிலில் ‘மெனின் வாயில்’ என்னும் பெரிய ஞாபகச் சின்னம் 1927ல் கட்டி முடிக்கப்பட்டது. சமாதி தெரியாமல் போன 54,000க்கு மேற்பட்டோரின் பெயர்களை அதன் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் இந்தியச் சிப்பாய்கள். 1915 ஏப்ரல் 26ம் தேதி லாகூர்ப் படைப்பிரிவினர் இவ்வூருக்கு வடக்கே விஷப் புகைக்கு நடுவே முன்னேறினார்கள். ஜமேதார் மீர் தஸ்த் என்பவர் அன்று குண்டு மழையில் எட்டு அதிகாரிகளைச் சுமந்து மீட்டு, விக்டோரியா சிலுவை பெற்றார். தம் நாட்டின் சுதந்திரத்துக்கு அல்ல, அந்நியரின் சாம்ராஜ்யத்துக்காக அவர்கள் உயிர் கொடுத்தார்கள். அவர்களுடைய எலும்புகளும் அவர்களைக் கொன்ற இரும்பும் இன்றும் ஒரே மண்ணில் கிடக்கின்றன.

அரசர்கள் போனார்கள், சாம்ராஜ்யங்களும் போயின. சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் இன்று இல்லை. பாஸன்டேல் வயலில் பிறந்து வளரும் குழந்தைக்கு மட்டும், நடக்கக் கற்ற சில நாளிலேயே, “துருப்பிடித்த எதையும் தொடாதே” என்று தாய் சொல்லிக்கொடுக்கவேண்டியிருக்கிறது.