அளவுகோலை அளந்த நாள்



ஜமுனாமரத்தூரில் நம் சபைப் பெண்கள் சிலர் மாலை வேளைகளில் தையல் பழகி வருவதை அறிவீர்கள். பழுப்புக் காகிதத்தில் வடிவம் வரைந்து, அதைத் துணிமேல் வைத்து வெட்டும் முறையைக் கற்கிறார்கள். அதற்கு ஒரு நல்ல எல் ஸ்கேலும், கழுத்துக்கும் கைக்குழிக்கும் வளைவு வரைய ஒரு பிரெஞ்சு கர்வும் வேண்டுமென்று கேட்டார்கள். வேலூர் சென்றபோது இரண்டையும் வாங்கி வந்தேன்.

புது ஸ்கேலைக் கொண்டு வரைந்த முதல் ரவிக்கையே பிழையாயிற்று. கணவனை இழந்த ஒரு சகோதரி, கல்யாண வீட்டாருக்காகத் தைத்தது அது. மார்பில் இறுக்கிப் பிடித்தது. பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தும், மீதி ஐந்து ரவிக்கைகளுக்கான துணியை அவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு அது ஒரு மாத வருமானம்.

"கவனம் சிதறிவிட்டதோ, அம்மா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, இரண்டு முறை அளந்தேன்" என்றார். நான் நம்பவில்லை. பொறுமையைக் குறித்து நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

மற்றப் பெண்களோ புது ஸ்கேலையே குறைகூறினார்கள். "பழைய டேப்பால் அளந்து, அதனாலேயே வரைந்தபோது எல்லாம் சரியாக வந்ததே!" என்றார்கள். ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நானும் எண்ணினேன். அதற்குமுன் சோதித்துப் பார்த்தோம். ஒரு நேர்கோட்டின்மேல் எல் ஸ்கேலை வைத்துச் செங்குத்துக் கோடு ஒன்றை வரைந்தோம். ஸ்கேலைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மீண்டும் வரைந்தோம். இரு கோடுகளும் ஒன்றாய்ப் படிந்தன, மூலை நேர்மையானதே. கர்வின் விளிம்பை விரல் நுனியால் தடவினோம். மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. வளைவில் சிறு முறிவு இருந்தாலும் கைக்குழியில் சுருக்கம் விழும். நம் மலையிலேயே காவலூரில் உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்கும் அதே நியதிதான். வளைவு பிசகினால் விண்மீன் கலங்கித் தெரியும்.

பிறகு 12 அங்குல இரும்பு அளவுகோல் ஒன்றை இரவல் வாங்கி, மூன்று முறை தொடர்ச்சியாக வைத்து 36 அங்குலம் குறித்தோம். அதன்மேல் பழைய டேப்பை நீட்டினோம். அது 35¼ என்று காட்டியது. பல ஆண்டுப் புழக்கத்தில் டேப் நீண்டுவிட்டிருந்தது. நீண்ட டேப்பில் கோடுகள் விலகி நிற்பதால், உள்ளதைவிடக் குறைவாகவே அளவு தெரியும். அளப்பதும் வரைவதும் அதே டேப்பால் நடந்தவரை, ஒரு பிழை மற்றொன்றைச் சரிக்கட்டியது. உடலை டேப்பாலும் காகிதத்தைப் புது ஸ்கேலாலும் அளந்த அன்றுதான் அந்த முக்கால் அங்குலம் வெளிப்பட்டது.

அந்த டேப்பைச் சில ஆண்டுகளுக்குமுன் விலை மலிவென்று வாங்கி வந்தவனும் நானே.

தங்களைக்கொண்டே தங்களை அளந்துகொள்கிறவர்கள் புத்தியுள்ளவர்களல்ல என்ற கருத்தைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இவ்வசனத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் ஒரு தையல் டேப்பின் அருகில் நின்றபோதுதான் அது என்னைத் தொட்டது. நம் வழக்கத்தை நம் வழக்கத்தாலேயே அளக்கும்வரை யாவும் சரியாகவே தோன்றும். உண்மையான அளவு ஒன்று உள்ளே வரும்போது, பிழை அதனோடு வந்ததாக நினைத்து அதையே வெளியேற்றப் பார்க்கிறோம். இடையில், உண்மை சொன்ன ஒருவரைக் குற்றவாளியாக்கியும் விடுகிறோம்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். கல்யாண வீட்டாரிடமும் நடந்ததைச் சொன்னேன். போன துணி திரும்ப வரவில்லை. புது டேப் ஒன்றைக் கொடுத்தபோது, "இது சரியானது, அம்மா" என்றேன். அவர் புன்னகைத்து, அந்த இரும்பு அளவுகோலை எடுத்து வந்து, முதலில் டேப்பை அதன்மேல் விரித்துப் பார்த்தார். நான் காத்து நின்றேன்.

இந்த வாரம் நாமும் நம் அளவுகோலை ஒருமுறை அளந்து பார்ப்போமாக. கர்த்தர்தாமே அதற்கான தாழ்மையை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.