நின்னாத் தெரியும்!

எங்கள் வீட்டு அம்பாசடருக்கு என் மகனைவிட வயது அதிகம். 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. உயரத்தைக் குறைத்து, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட ஆசைப்பட்டான் மகன். "அப்போ மாஸ்டர் சிலிண்டரையும் பார்த்துத்தான் போடணும்" என்றார் வல்லத்திராக்கோட்டை மெக்கானிக்.

"பெருசாவே போட்டுடலாமே" என்றேன். அங்கேதான் கணக்கு இருக்கிறது. பிஸ்டன் விட்டம் முக்கால் அங்குலத்திலிருந்து முக்காலே அரைக்கால் அங்குலமானால், அதே பிரஷருக்குக் கால் சுமார் 36 சதவிகிதம் கூடுதலாக அழுத்த வேண்டும். சிறியது என்றால் மிதிப்பது லேசு. ஆனால், பெடல் ஆழமாக இறங்கும். மூட்டுவலிக்கார என் மனைவியும் ஓட்டும் வண்டியாயிற்றே!

இன்னொரு விஷயம். எங்கள் வண்டியில் இருந்தது ஒற்றை லைன். ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களும் கைவிட்டுவிடும். 'டேன்டம்' சிலிண்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன். ஒன்று போனாலும் மற்றது ஓரளவாவது நிறுத்தும். ஆடு, மாடு குறுக்கே வரும் புதுக்கோட்டை சாலைக்கு அதுதான் சரி என்று முடிவெடுத்தோம்.

வண்டி தாழ்ந்ததால், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, டயரில் ஹோஸ் உரசுகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன்.

"இத்தனை செலவு பண்றோம், எதுவுமே வெளியே தெரியாதேப்பா" என்றான் மகன்.

"நின்னாத் தெரியும்டா!"