தம்பி சொசேஜஸ் தேடின கதை

தெல்தோட்டை,
ஞாயிறு இரவு

என் பிரியமான சிநேகிதிக்கு,

டொரொண்டோ போனதும் ஊரை மறந்துவிட்டாய் என்று நான் திட்ட, ஊர்க்கதை ஒன்றுகூட எழுதுவதில்லை என்று நீ திட்ட, நம் சண்டை இப்படியே போகிறது. இந்தா, ஒரு முழுக்கதை. கலஹா பஸ்ஸில் ஏறினாலும் இதே பேச்சு, கோயிலில் தீபாராதனைக்கு நின்றாலும் இதே பேச்சு. எங்கள் தம்பி கொழும்பு ஹோட்டல் வேலையை உதறிவிட்டு வந்து டவுனில் ஹொட் டோக் வண்டி போடுகிறானாம்!

வண்டி வந்தும்விட்டது. முற்றத்தில் சிவப்புப் பெயின்டோடு நிற்கிறது. சித்தப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்ன, கொழுந்து ஏத்தவா?" என்று கேட்டார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் அல்லவா, பென்ஷன் எடுத்தும் நக்கல் போகவில்லை. அம்மாதான் பாவம். "கோட்டுப் போட்டுக்கிட்டு நின்ன புள்ள" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்துகிறாள்.

வண்டி வாங்கினது பெரிய காரியமில்லையடி. அதற்குள் எந்த சொசேஜஸைப் போடுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. அங்கே தெருமுனை வண்டியில் மாடா, கோழியா, ஹலாலா, மரக்கறியா என்று கேட்டுக் கொடுக்கிறார்கள் என்று போனில் சொன்னாயே, இங்கே அப்படி நாலு வகை வைத்தால் நாலும் விற்காது. ஒரே தகடு, ஒரே கிடுக்கி. அதில் ஒரு தரம் பன்றி பட்டுவிட்டால் முஸ்லிம் ஆட்கள் தெருவின் மற்றப் பக்கமாக நடந்து போவார்கள். மாடு பட்டால் எங்கள் அம்மாவே தொடமாட்டாள். சிங்கள வீடுகளிலும் மாடு சேர்க்காதவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். கோழி ஒன்றுதான் எல்லா வாசலுக்கும் போகும். அதற்கும் நாள் பார்க்க வேண்டும். செவ்வாய், வெள்ளி நம் வீடுகளில் மச்சம் இல்லை. போயாவுக்கு இறைச்சிக் கடை பூட்டு. நோன்பு மாதம் பகலில் யாவாரம் படுத்துவிடும், ஆனால் தராவீஹ் தொழுதுவிட்டு வருகிற பொடியன்கள் இரவில் ஈடுகட்டிவிடுவார்கள் என்று தம்பி கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். இதையெல்லாம் கூட்டிக் கழித்த சித்தப்பா, "மாசத்துல பாதி நாள் வண்டிக்கு லீவு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

கோழி என்று முடிவான பிறகாவது சும்மா இருந்தார்களா? அப்போதுதான் தோல் பிரச்சினை வந்தது. கோழி சொசேஜஸ் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் உள்ளே இருப்பது கோழி. மேலே போர்த்தியிருப்பது வேறாக இருக்கலாம். முந்தி ஆட்டுக்குடல், பன்றிக்குடல். இப்போது நிறைய இடங்களில் கொலாஜன். மாட்டுத்தோலின் உள்படையைக் கூழாக்கிக் குழாய் மாதிரி இழுத்து எடுப்பது அது. பன்றித்தோலிலிருந்தும் எடுப்பதுண்டு. ஹோட்டல் சமையலறையில் கற்றதைத் தம்பி பெருமையாக எடுத்துவிட, அம்மா கையிலிருந்த பிளேன்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப பேக்கரியில வாங்கித் தின்னதெல்லாம்?" அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அதுக்குத்தானே நாங்க ஹலால் அடையாளம் பாக்குறோம்" என்று ஒரு போடு போட்டார்.

ராத்தா அப்படிச் சொன்னதும் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. 2013இல் அந்த ஹலால் முத்திரையை வைத்து நாட்டில் நடந்த ஆர்ப்பாட்டம் உனக்கும் ஞாபகம் இருக்கும். பொது பல சேனாப் பிக்குமார் கூட்டம் கூட்டிக் கத்த, அந்த மார்ச் மாதமே முத்திரை கொடுத்துவந்த ஜம்இய்யத்துல் உலமா உள்ளூரில் விற்கிற பொருட்களில் முத்திரை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. அடுத்த வருஷம் அந்த வேலையே தனியான ஒரு ஹலால் சபையிடம் போனது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் ஆட்களின் கடைகள் எரிந்தபோது இங்கேயும் பொழுது சாய முன்னமே கதவடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சொசேஜஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே. தம்பி முத்திரை உள்ளதைத்தான் எடுப்பேன் என்றான். சித்தப்பாகூட ஒன்றும் சொல்லவில்லை.

சரி, தோலுக்கு வருகிறேன். அதற்கு விடை தோலில்லாத சொசேஜஸ். சிக்காகோவில் எர்வின் ஃபிராய்ன்ட் என்று ஒருவர் 1920களில் கண்டுபிடித்த வழி அது. இறைச்சிக் கலவையைச் செல்லுலோஸ் குழாய்க்குள் அடைப்பார்கள். அது பஞ்சு, மரம் போன்றவற்றின் நாரிலிருந்து வருவது, ஆடும் இல்லை மாடும் இல்லை. புகையிலும் ஆவியிலும் வேகும்போது வெளிப்பக்கத்துப் புரதம் இறுகித் தானே ஒரு மெல்லிய ஆடை கட்டிக்கொள்ளும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் காட்டி, மெஷினில் குழாயை உரித்து எறிந்துவிடுவார்கள். இதைக் கேட்ட பிறகுதான் அம்மா இறங்கிவந்தாள்.

ஆனால் தம்பிக்கு முகம் தொங்கிப்போனது. நீர்கொழும்பில் தின்ற லிங்குஸ் அவனுக்கு இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. பன்றியும் வினாகிரியும் மிளகும் போட்டு, குடலில் அடைத்து, கடித்தால் தோல் 'டப்' என்று வெடித்துச் சாறு வருமே, அது. தோலில்லாததில் அந்த வெடிப்பு வராது. மெத்தென்று போய்விடும். நான் சொன்னேன், நம் பேக்கரிக்காரர்கள் செய்கிற மாதிரி குறுக்கே சரிவாகக் கீறிவிடு, தகட்டில் கொஞ்சமாக எண்ணெய் தடவிப் புரட்டு, கீறின விளிம்பெல்லாம் விரிந்து முறுகட்டும் என்று. செய்து பார்த்தான். தோல் வெடிக்கிறது வேறு, இந்த முறுகல் வேறு, ஆனால் மழைக் குளிரில் நின்று தின்ன இது போதும். எனக்கு இதுதான் பிடித்தது. அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு சோதனை! கீல்ஸ், கோல்டி, பைரஹா, நம் கம்பளைப் பக்கத்துக் கிறிஸ்ப்ரோ, இன்னும் பேர் தெரியாத சிலது என்று கண்டிக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்தான். வீடு முழுக்க ரெஜிபோம் பெட்டி. எது எப்படி என்று பேர் சொல்லி எழுதமாட்டேன், உன் வாய் சும்மா இருக்காது. பொதுவாகச் சொல்கிறேன். நல்ல சொசேஜஸ் என்றால் இறைச்சியை ஐஸோடு சேர்த்து அரைக்க வேண்டுமாம். உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைக்கும், அந்தப் புரதம் கொழுப்பையும் தண்ணீரையும் கட்டிப்பிடிக்கும். அரைக்கும்போது சூடேறினால் பிடி விட்டுக் கொழுப்புப் பிரிந்துவிடும். மலிவானதில் சோயாவும் மாவும் தண்ணீரும் கூட. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கொதிக்கிற தண்ணீரில் போட்டால் எல்லாமே பொம்மென்று உப்பி அழகாகத்தான் இருக்கும். எடுத்துத் தட்டில் வைத்து ஆறவிடு. மா கூடினது கிழவி விரல் மாதிரி சுருங்கிப்போகும். வெந்த தண்ணீரும் கலங்கியிருக்கும். கடித்தால் மெழுகைக் கடிப்பது போல் பல்லில் அப்பும். வண்டியில் சூட்டிலேயே கிடக்கப் போகிற பண்டம், ஆறினால் என்ன ஆகிறது என்று பார்க்காமல் வாங்கக்கூடாது என்பது தம்பியின் சட்டம். இதில் அவன் சொல்வது சரி.

நீளமும் பெரிய விஷயம். பேக்கரி நானாவின் பணிஸ் ஒரு அளவு, சொசேஜஸ் ஒரு அளவு. சொசேஜஸ் குட்டையாக இருந்தால் கடைசி வாய் வெறும் பாணாகிவிடும், ஏமாற்றினான் என்று பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்லும். நானா நல்ல மனுஷன், அச்சையே சின்னதாக மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். அதற்குப் பதிலாக, தெருத்தெருவாகப் பாண் விற்கிற சூன்பாண் ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு வருகிற நேரத்தில் வண்டியை அவர் கடைக்கு முன்னால் நிறுத்தவேண்டுமாம். போட்டி எப்படி இருக்கிறது பார்.

விலை? அதில்தான் தம்பிக்குத் தூக்கம் போகிறது. 2024இல் தோட்டத்து நாட்சம்பளத்தை 1,350 ரூபா ஆக்கினார்களே. மலையேறி இறங்கி நாட்சம்பளத்துக்கு உழைக்கிறவள் பிள்ளைக்கு ஒரு ஹொட் டோக் வாங்க எவ்வளவு எடுப்பாள்? இருநூற்றைம்பதைத் தாண்டினால் பத்தாம் தேதிச் சம்பளத்தன்று மட்டும்தான் வருவாள் என்று நான் சொன்னேன். இறைச்சி கூடின மொத்த சொசேஜஸ் போட்டால் அந்த விலை கட்டாது. ஆகவே நடுத்தரம். ஆறினாலும் சுருங்காத, ஆனால் கொஞ்சம் ஒல்லியான ஒன்று. ருசியில் அது முதலாவது இல்லை. அந்தக் கம்பனியின் குளிர்லொறி கிழமைக்கு ஒரு தரம் தெல்தோட்டைக்கே வருகிறது என்பதும் ஒரு காரணம். கண்டியிலிருந்து பேராதனை, கலஹா என்று வளைந்து வளைந்து பஸ்ஸில் கொண்டுவந்தால் பாதி வழியில் உருகிவிடும். உருகினதை மறுபடி உறையவைத்தால் கெட்டது.

2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டின அந்த மார்ச் மாதக் கடைசியை வைத்து அம்மா இன்னும் பயமுறுத்துகிறாள். அதனால் இருப்புக் குறைவாகத்தான் வைப்பான். உருகவைக்கிறது குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில், வெளியே வைத்து அல்ல. சூடாக வைக்கிற தண்ணீர் அறுபது பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது. பீ.எச்.ஐ. கேட்டால் சொல்ல என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறான்.

ராத்தா வேறு வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, "இது புற்றுநோய் வரும்னு சொல்றாங்களே" என்றார். பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் சொசேஜஸ் மாதிரிப் பதப்படுத்தின இறைச்சியெல்லாம் புற்றுநோய் உண்டாக்கும் என்று சொன்னது. நாள்தோறும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 வீதம் கூடுமாம். நாள்தோறும் என்பதுதான் விஷயம். தம்பிக்கு வாடிக்கையாளர் தினமும் வரவேண்டும், எனக்கு அவர்கள் கிழமைக்கு ஒரு தரம் வந்தால் போதும். சீக்கிரம் மரக்கறி வகை ஒன்றையும் கண்டுபிடி என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கும் உதவும்.

தம்பி யூடியூப்பில் பார்த்த சரித்திரத்தையும் கேள். நியூயோர்க் கோனி ஐலண்டில் சார்ல்ஸ் ஃபெல்ட்மன் என்ற ஜேர்மன்காரர் 1867இல் வண்டியில் சொசேஜஸ் விற்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். நம் பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதும் அதே 1867தான்! ஃபெல்ட்மனிடம் வேலைசெய்த போலந்து யூதர் நேதன் ஹான்ட்வேர்க்கர் 1916இல் தனிக்கடை போட்டு, முதலாளி பத்து சதத்துக்கு விற்றதை ஐந்து சதத்துக்கு விற்றார். நன்றிகெட்டவன் என்றார் சித்தப்பா. 1939இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் அமெரிக்கா போனபோது ரூஸ்வெல்ட் அவருக்கு ஹொட் டோக் கொடுத்து உபசரித்தாராம். அப்போது நமக்கும் அவர்தானே ராஜா. அதைக் கேட்டதும் அம்மாவுக்கு வண்டிமேல் கொஞ்சம் மரியாதை வந்தது, கவனித்தேன்.

ஆனால் வீட்டில் பெரிய சண்டை மூட்டியது இன்னொரு கதை. 1990இல் மான்ஹட்டனில் மூன்று எகிப்துக்காரர்கள் ஹொட் டோக் வண்டி போட்டார்கள். டாக்ஸி ஓட்டுகிற முஸ்லிம் ஆட்கள் வயிறு நிறைய ஹலால் சாப்பாடு தேடுகிறார்கள் என்று கண்டு, சொசேஜஸை விட்டுவிட்டுக் கோழியும் சோறும் போட்டார்கள். இன்று 'ஹலால் கைஸ்' என்று உலகமெல்லாம் கிளை. "பாத்தியா, அவனுங்களே விட்டுட்டானுங்க!" என்று சித்தப்பா குதிக்க, "முன்னால நிக்கிறவனுக்கு எது ஆகும்னு பாத்தாங்க சித்தப்பா, நானும் அதத்தானே பாக்குறேன்" என்று தம்பி கத்த, ராத்தா வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்துச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று.

மேலே என்ன போடுவது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடுகுச் சாந்தும் தக்காளி சோஸும் யாரும் வைப்பார்கள். பணிஸைக் கீறி முதலில் சீனிச் சம்பல், அதற்கு மேல் சொசேஜஸ், அதற்கு மேல் பச்சை வெங்காயமும் கொச்சிக்காயும். சொசேஜஸ் ஒல்லி என்பதே தெரியாது. மாசி போடாமல் ஒரு சட்டி, போட்டு ஒரு சட்டி. அம்மாதான் கிண்டுகிறாள், கோட்டுப் போன கவலையெல்லாம் வெங்காயத்தோடு சேர்ந்து வதங்குகிறது.

வருகிற சம்பளத்தன்று ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டி நிற்கும். இப்போது நீ எனக்கு ஒரு வேலை செய். உன் தெருமுனை வண்டிக்காரர் பணிஸை ஆவியில் வைக்கிறாரா, தகட்டில் வாட்டுகிறாரா என்று கேட்டு எழுது. இங்கே ஆவியில் வைத்தால் இந்த மூட்டத்தில் நனைந்து கையோடு வருகிறது, வாட்டினால் காஸ் தின்கிறது. தம்பி கேட்டதாகச் சொல்லாதே, நானே கண்டுபிடித்ததாக அவனிடம் சொல்லப் போகிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன்
தெல்தோட்டைக்காரி