மடக்குக் கூரையும் மாமாவின் காரும்

சொந்தமாக ஒரு துவிச்சக்கர வண்டிதானும் இல்லாத கலைப்பீட மாணவன் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். (அதனை ‘விளையாட்டுக் கார்’ எனத் தமிழாக்கினால், பிள்ளைகள் கயிறு கட்டி இழுக்கும் பொம்மையே மனக்கண்ணில் தோன்றும், ஆதலின் வழக்கிலுள்ளவாறே எழுதுகிறேன்.) ஆயினும் இவ்விடயத்தில் நான் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறேன். அதனை நம்பி ஒருவர் தமது பணத்தைச் செலவிட்டார். அத்தீர்ப்புப் பிழையென்று இப்போது எண்ணுகிறேன்.

அவர் என் தாய்மாமன். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்றுக் கண்டியில் வசிப்பவர். சிறுவயதில், தோட்டத்துரை ஒருவர் கூரையை மடக்கிவிட்டு எம்.ஜி.பி. கார் ஒன்றில் மலைப்பாதையால் இறங்கிச் சென்றதைத் தெருவோரம் நின்று பார்த்திருக்கிறார். அக்காட்சி அரை நூற்றாண்டாகியும் அவர் நெஞ்சை விட்டகலவில்லை. 2023ஆம் ஆண்டு பணிக்கொடை கைக்கு வந்ததும் அத்தகைய காரொன்றைத் தேடலானார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் நாட்டிலிருந்த பழைய வண்டிகளுக்கெல்லாம் விலை ஏறியிருந்த காலம் அது. எனினும் இரண்டு கார்கள் அகப்பட்டன. ஒன்று கண்டியிலேயே இருந்த திறந்த எம்.ஜி.பி. மற்றையது கொழும்புக்கு அண்மையில் இருந்த எம்.ஜி.பி. ஜி.ரி.; அதே கார்தான், ஆனால் உருக்குக் கூரை பொருந்தியது. விலையில் பெரிய வேறுபாடில்லை.

“தம்பி, நீ படிக்கிற பிள்ளை. திறக்கிறதை வாங்கவோ, மூடினதை வாங்கவோ? ஆராய்ஞ்சு சொல்லு” என்றார் மாமா.

ஒரு கிழமை ஆராய்ந்தேன். நான்கு பக்கத்தில் அறிக்கையொன்றும் எழுதிக் கொடுத்தேன். அதன் சாரம் இதுதான்: காரின் உடல் ஒரு பெட்டி போன்றது. சப்பாத்துப் பெட்டியொன்றை மூடியோடு பிடித்து முறுக்கினால் அது எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் துவண்டுவிடும். கூரையை இழந்த காரும் அவ்வாறே மேடு பள்ளங்களில் நடுங்கும். முன்கண்ணாடியும் திசைமாற்றிச் சக்கரமும் அதிரும். அதனைத் தடுக்க அடிப்பாகத்தில் உருக்குச் சேர்த்தால் எடை கூடும். துணிக்கூரையோ வெயிலில் வெடிக்கும், மழையில் ஒழுகும். ஜி.ரி.யின் கூரையை வடிவமைத்தவர்கள் இத்தாலியின் பினின்பரீனா நிறுவனத்தார். அக்கூரை காற்றை வழுக்கிச் செல்வதால் உச்ச வேகமும் சற்று அதிகம். 1970களில் அமெரிக்கா திறந்த கார்களைத் தடைசெய்துவிடும் என்ற அச்சம் பரவியிருந்ததையும், அதன் காரணமாகவே ட்ரையம்ப் ரி.ஆர்.7 1975இல் மூடிய காராக மட்டும் வெளிவந்ததையும் எடுத்துக்காட்டினேன். கடைசிப் பக்கத்தில், மாமிக்குத் தூசியும் வெயிலும் ஒத்துவரா என்றும் எழுதினேன். மாமா இரண்டு முறை வாசித்தார். அடுத்த மாதம் ஜி.ரி.யை வாங்கினார்.

அறிக்கையில் இருந்த தரவுகள் பொய்யல்ல. ஆயினும் அவற்றுள் தலையாயதை நான் தவறான இடத்திற் பொருத்தியிருந்தேன். மூடியதாகப் பிறந்து பின்னர் கூரை வெட்டப்பட்ட கார்களுக்கே அந்தச் சப்பாத்துப் பெட்டி உவமை முழுமையாகப் பொருந்தும். 1975இல் வெளிவந்த ஜகுவார் எக்ஸ்.ஜே.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளலாம், அது முற்றாகத் திறக்கும் காராவதற்கு 1988 வரை செல்ல வேண்டியிருந்தது, உடலையும் பல இடங்களிற் பலப்படுத்த வேண்டியிருந்தது. எம்.ஜி.பி.யின் கதை மறுதலையானது. 1962இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து அது திறந்த காராகவே வெளிவந்தது, ஜி.ரி. வந்தது 1965இல். கூரை இராது என்பதை அறிந்தே வடிவமைத்தவர்கள் உடலின் வலிமையைக் கதவுகளுக்குக் கீழேயுள்ள பக்கச் சட்டங்களிலும் அடித்தளத்திலும் வைத்திருந்தார்கள். கூரை பின்னர் வந்து சேர்ந்தது. அத்தோடு ஏறத்தாழ 100 கிலோ எடையும் சேர்ந்தது. ஏற்றத்தில் ஜி.ரி. சற்றுப் பின்தங்குவது அதனாலேயே. இவ்வளவும் நான் வாசித்த அதே பக்கங்களில் இருந்தவை. முடிவை முதலிலேயே எடுத்துக்கொண்டு வாசிப்பவனுக்கு இவை கண்ணிற் படுவதில்லை.

அமெரிக்கத் தடையும் அச்சமாகவே கழிந்தது. ரி.ஆர்.7க்கே 1979இல் மடக்குக் கூரை வந்தது. 1989இல் ஜப்பானின் மஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்.5 என்ற சிறிய திறந்த காரை அறிமுகஞ்செய்து, 2016இற்குள் பத்து இலட்சம் கார்களை உற்பத்தி செய்துவிட்டது.

என் எண்ணத்தை மாற்றியது இத்தகவல்கள் அல்ல. கண்டியிலிருந்த திறந்த காரின் உரிமையாளரிடம் மாமா கார்புரேற்றர் பற்றிய கைந்நூலொன்றை இரவல் வாங்கியிருந்தார். சென்ற ஆண்டு அதனைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது அம்மனிதர், “கடுகண்ணாவை மட்டும் போய் வருவோமா?” என்றார். பேராதனைச் சந்திவரை எனக்கு மகிழ்ச்சி ஏதும் இல்லை. பஸ்களின் புகை நேரே முகத்தில் அடித்தது. லொறிச் சில்லுகள் காதுக்கருகே உருண்டன. முச்சக்கரவண்டிகளிலிருந்து சிறுவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கடுகண்ணாவையை நெருங்கியபோது காற்றுக் குளிர்ந்தது. வளைவுகளில் ஈரமண்ணின் வாசனை வந்தது. அடுத்த வளைவில் யாரோ சருகெரிக்கும் வாசனை. நான் 60 மைல் வேகத்திற் போகிறோம் என்று எண்ணியிருக்க, வேகமானியின் முள் 35இல் நின்றது. பாறையைக் குடைந்து வெள்ளையர் அமைத்த பழைய பாதையருகே அவர் வேகத்தைக் குறைத்தார். விடுமுறை தோறும் பஸ்ஸில் அவ்வழியாகப் போய் வருபவன் நான். ஆயினும் அப்பாறையின் உச்சியை அன்றுதான் கண்டேன். பஸ் யன்னல் அதன் அடியை மட்டுமே இதுவரை காட்டியிருந்தது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அக்காரின் கூரை ஒரு பொத்தானை அழுத்தினால் எழுந்து வருவதல்ல. இறங்கி நின்று, சட்டத்தை விரித்து, துணியை இழுத்துக் கொளுவ வேண்டும். முடித்தபோது நனைவதற்கு எங்களிடம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. இதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டின் சாதாரண வீதிகளில், நகருக்கு வெளியே ஒரு கார் செல்லத்தக்க வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். நூறு மைல் வேகத்தைத் தாண்டியபின் ஜி.ரி. பெறும் சிறிய அனுகூலத்தை மாமா எந்த வீதியிற் காண்பார்? சட்டமும் நெரிசலும் வேகத்தைப் பறித்துக்கொண்ட பின்னர், ஸ்போர்ட்ஸ் காரிடம் எஞ்சியிருப்பது வேகம் பற்றிய உணர்ச்சி ஒன்றே. 35 மைலை 60 ஆக்கிக் காட்டுவது திறந்த வானந்தான். வீட்டில் இருப்பது ஒரேயொரு கார் என்றால், கூரை வேண்டும் என்று இன்றும் வாதிடுவேன். அப்போது கதவும் பூட்டும் பின்னாசனமும் முக்கியம். மாமாவிடமோ கடைக்குப் போகவும் வைத்தியரிடம் போகவும் சிறிய சுசுக்கி ஒன்று முன்னரே இருந்தது. மழை இருட்டினால் அவர் எடுப்பது அதனைத்தான். ஜி.ரி. கொட்டிலில் தார்ப்பாயின் கீழ் நிற்கும். மழைக்காக நான் பரிந்துரைத்த கூரை இன்றுவரை ஒரு மழையையும் கண்டதில்லை.

மாமியின் விடயம் இதனிலும் மோசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு பரிமாறிக்கொண்டிருந்தவர், பேச்சுவாக்கில், “எனக்கு மற்றதுதான் விருப்பம். கலியாணம் முடிச்ச புதுசிலை இவரோடை மோட்டார் சைக்கிளிலை நுவரெலியா போன ஆள் நான். என்னை ஆர் கேட்டது?” என்றார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். நான்கு பக்க ஆராய்ச்சியில், அடுப்படி வரை சென்று ஒரு வார்த்தை கேட்பதற்கு எனக்குத் தோன்றவில்லை.

மாமா ஒருபோதும் குறை கூறியதில்லை. ஜி.ரி.யை அன்போடுதான் பேணுகிறார். சென்ற மாதம் அதில் என்னை விடுதிக்குக் கொண்டுவந்து விட்டார். கன்னொறுவைப் பக்கமாக வரும்போது தம் பக்கத்து யன்னற் கண்ணாடியை முற்றாக இறக்கினார். என் பக்கத்ததையும் இறக்கச் சொன்னார். ஒரு கையை வெளியே நீட்டிச் சிறிது தூரம் பேசாமல் ஓட்டினார். பின்னர், “அந்த மனுசன் மற்றக் காரை இன்னும் வைச்சிருக்கிறாரோ?” என்று கேட்டார்.

அது தை மாதமே விலைப்பட்டுப்போனது எனக்குத் தெரியும். தெரியாது மாமா என்றேன்.