ஒரே பெட்டி போதுமா?

உங்கள் வீட்டில் டெலிவிஷன் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால், "இது என்ன கேள்வி? கூடத்தில்தான்!" என்று சொல்லிவிடுவீர்கள். கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டால் உடனே பதில் வராது. படுக்கையறை மூலையில் இருக்கும். பிள்ளையின் படிப்பு மேஜையில் இருக்கும். சில வீடுகளில் தையல் மெஷினுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு இருக்கும். இந்த இரண்டையும் ஒரே பெட்டியாக்கிவிட்டால் இடமும் மிச்சம், பணமும் மிச்சம் என்று யாராவது சொன்னால், சகோதரிகளே, உடனே தலையை ஆட்டிவிடாதீர்கள். நான் ஆட்டினேன். அதன் பலனைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகைகளுக்கு எழுத்துக் கோத்துக் கொடுக்கிறவள். அச்சகத்தார் விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான் தட்டெழுதி, பக்கம் அமைத்து, பிழை பார்த்துத் திருப்பி அனுப்புவேன். பெரிய வருமானம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மாதம் பிறந்தால் பால் கணக்கும் காஸ் சிலிண்டரும் என் கைப்பணத்தில் நடக்கின்றன. அந்த நினைப்பே மனத்துக்கு ஒரு தெம்பு அல்லவா?

கம்ப்யூட்டர் என்னவோ பிள்ளை கழித்துவிட்ட லாப்டாப்தான். அதன் சிறிய திரையைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததால், 19 அங்குலச் சதுர மானிட்டர் ஒன்றை அதனுடன் இணைத்திருந்தேன். போன ஆடி மாதத்தில் ஒரு நாள் அது கண்ணை மூடிவிட்டது. அதே வாரத்தில் கூடத்து டெலிவிஷனிலும் குறுக்கே ஒரு பச்சைக் கோடு விழுந்தது. கதாநாயகியின் மூக்கின்மேல் எந்நேரமும் பச்சைக் கோடு ஓடினால் சீரியல் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? மாமியார் பதைத்துப் போனார்.

"இரண்டு பெட்டி எதற்கு?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. "ஸ்மார்ட் மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. பகலில் உனக்குக் கம்ப்யூட்டர். சாயங்காலம் அம்மாவுக்கு டி.வி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! ஆடித் தள்ளுபடி வேறு!"

இது என்ன வஸ்து என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சாதாரண மானிட்டருக்குச் சொந்த மூளை கிடையாது. கம்ப்யூட்டர் அனுப்புகிற படத்தைக் காட்டுவதோடு அதன் வேலை தீர்ந்தது. ஸ்மார்ட் மானிட்டருக்குள் டெலிவிஷனின் மூளையையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டாலும் அதில் யூடியூப் வரும், சினிமா வரும். ரிமோட் உண்டு, ஒலிபெருக்கி உண்டு. சாம்சங் கம்பெனி 2020 நவம்பரில் இந்த ரகத்தை வெளியிட்டது. பிறகு எல்ஜி கம்பெனியும் இதே மாதிரி கொண்டு வந்தது. ஆன்டெனா வயரை நேரே செருகும் வசதி இவற்றில் பெரும்பாலும் இருக்காது. நம் வீடுகளில் செட்-டாப் பாக்ஸ் இருப்பதால் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை.

32 அங்குலப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. என் பழைய மானிட்டருக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினால் குழந்தைக்குப் பக்கத்தில் குண்டோதரனை நிறுத்தியது போல இருந்தது. "இவ்வளவு பெரிசை உள் அறையில் எங்கே வைப்பது?" என்று கேட்டார் வீட்டுக்காரர். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆகவே அது கூடத்து டி.வி. மேஜையில் ஏறியது. நான் ஆறடி தள்ளிச் சோபாவில் உட்கார்ந்து, மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, வயர் இல்லாமலே படத்தை அதற்கு அனுப்பி வேலை செய்தேன். முதல் வாரம் ராஜபோகந்தான். கழுத்து வலி இல்லை. முதுகுக்குத் திண்டு உண்டு. என் தங்கைக்கு ஃபோன் செய்து பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்தது. முகூர்த்தங்கள் குவிந்தன. பத்திரிகை வேலையும் குவிந்தது. பகலில் சமையலும் மற்றதும் முடித்து நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மணி நாலாகிவிடும். ஆறு மணிக்கு மாமியார் பக்கத்தில் வந்து உட்காருவார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவார். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? பாதி வேலையில் எழுந்து விடுவேன். இரவு பத்து மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு மறுபடியும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

அப்படி ஓர் இரவில் செய்த பத்திரிகை அது. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். அச்சகத்தில் 500 பிரதி போட்டார்கள். ஒரு பிரதியை எனக்கும் கொடுத்தனுப்பினார்கள். மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எழுத்தெழுத்தாக வாசித்தார், வாசித்தவர் நிறுத்தினார்.

"ஏம்மா, இதென்ன, 'மனமகள்' என்று போட்டிருக்கிறதே? மூன்று சுழி அல்லவா வரவேண்டும்?"

வாங்கிப் பார்த்தேன். எனக்குக் கைகால் ஓடவில்லை. மணமகளுடைய மூன்று சுழி இரண்டு சுழியாகி இருந்தது. அதுவும் பெரிய எழுத்தில், பெயருக்கு நேர் மேலே!

"போகட்டும், மணத்தில் மனமும் இருக்க வேண்டியதுதானே" என்று வீட்டுக்காரர் வேடிக்கையாகச் சொன்னார். பெண்ணைப் பெற்றவருக்கு அது வேடிக்கையாக இருக்குமா? 500 பிரதியையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. தாள் கூலியை நானே ஏற்றுக்கொண்டேன். பணம் போனதுகூடப் பெரிதல்ல. "அந்த அம்மா பார்த்தால் பிழை இருக்காது" என்று அச்சகத்தில் எட்டு வருஷமாகச் சொல்லி வந்தார்கள். அந்தப் பேர் போய்விடுமே என்றுதான் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தங்கையின் பிள்ளை கம்ப்யூட்டர் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை வந்தவனைப் பிடித்து உட்கார வைத்தேன். அவன் நான் உட்காரும் சோபாவில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"பெரியம்மா, சினிமா பார்க்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சுழி எண்ணினால் எப்படி?"

பிறகு பொறுமையாக விளக்கினான். எனக்கு விளங்கினபடி உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, திரை என்பது பொடிப் பொடிப் புள்ளிகளால் போட்ட கோலம். என் பழைய 19 அங்குல மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு 86 புள்ளி. இந்தப் பெரிய பெட்டியில் அகலத்துக்கு 1920 புள்ளிதான். 32 அங்குலத்துக்கு அதை விரித்தால் அங்குலத்துக்கு 69 தான் தேறும். இடைவெளி விட்டுப் புள்ளி வைத்தால் சிக்குக் கோலத்தின் வளைவு சரியாக வருமா? இங்கிலீஷ் எழுத்து எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. நம் 'ண'வும் 'ஞ'வும் 'ழு'வும் திணறிப் போகின்றன.

இரண்டாவது, டெலிவிஷன் படத்தில் வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி தனித்தனியாக வரும். வர்ணமோ நாலு புள்ளிக்கு ஒன்றாகப் பங்கு போட்டு வரும். சினிமாவில் நடிகையின் புடவைக்கு இந்தச் சிக்கனம் தெரியாது. மஞ்சளில் எழுதிய சிவப்பு எழுத்துக்கு நன்றாகவே தெரியும். ஓரங்கள் கரைந்து நிற்கும். வயர் இல்லாமல் படத்தை அனுப்பினாலும் இதே சங்கடம். போதாததற்கு அதை மேலும் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். நான் இரண்டையும் ஒருங்கே செய்திருந்தேன்.

மூன்றாவது, தூரம். வேலை செய்கிற திரை கண்ணிலிருந்து 20 முதல் 40 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்பு இலாகாவே சொல்லியிருக்கிறது. நான் உட்கார்ந்ததோ 72 அங்குலத்தில்.

"சரியாக வைத்தால் இதிலேயே வேலை செய்யலாம் பெரியம்மா" என்று சொல்லி, எச்டிஎம்ஐ வயரைச் செருகினான். படத்தைப் 'பளபள'வென்று காட்டும் அமைப்பை மாற்றிக் கம்ப்யூட்டர் அமைப்புக்குக் கொண்டு வந்தான். எழுத்தின் ஓரத்தில் வெள்ளை நிழல் போடுகிற கூர்மையையும் குறைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று சுழியும் தெரிந்தன! கொஞ்சம் பருமனாகத் தெரிந்தன என்பது உண்மை, ஆனால் தெரிந்தன.

இந்த ஆசை ஒன்றும் புதிதல்ல என்றும் அவன் சொன்னான். 1977-இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரையும், 1982-இல் இங்கிலாந்தில் வந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரையும் வீட்டு டெலிவிஷனிலேயே இணைத்துக்கொள்ளலாமாம். ஆனால் முதலாவதில் வரிக்கு 40 எழுத்து, அடுத்ததில் 32. அதற்குமேல் நெருக்கினால் டெலிவிஷனில் கலங்கிப் போகும். 1981-இல் வந்த ஐபிஎம் கம்ப்யூட்டரின் வர்ண அட்டையிலும், மானிட்டருக்கு வரிக்கு 80, டெலிவிஷனுக்கு 40 என்று இரண்டு தினுசு வைத்தார்களாம். படம் பார்க்கிற திரை வேறு, எழுத்துப் படிக்கிற திரை வேறு என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

ஆனால் சகோதரிகளே, எழுத்துக் குறை தீர்ந்த பிறகும் என் குறை தீரவில்லை. ஆறு மணி ஆனால் வெற்றிலைப் பெட்டி சத்தம் போடத்தான் செய்தது. நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தால், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சென்னையில் 1975-இல் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. பின்னால் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வந்த நாட்களில், பெட்டி இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே கூடும். டெலிவிஷன் நாலு பேரைக் கூட்டுகிற பொருள். வேலைத் திரையோ ஒருத்தி தனியாக உட்கார்ந்து கண்ணும் கருத்துமாகப் பார்க்கிற பொருள். இரண்டையும் ஒரே பெட்டியில் செய்யலாம். ஒரே இடத்திலும் ஒரே நேரத்திலும் செய்ய முடியாது. விட்டுக்கொடுக்க வேண்டிய வேளை வந்தால், எந்த வீட்டிலும் முதலில் எழுந்திருப்பது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்தத் தாள் கூலியை எனக்காகக் கொடுத்ததாக நினைக்கவில்லை. இரண்டாவது பெட்டி வாங்காமல் மிச்சம் பிடித்தோமே, அதற்கு வட்டியாகக் கொடுத்ததாக நினைக்கிறேன்." கணக்கில் புலியல்லவா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஜன்னல் பக்கத்து மேஜையைக் காலி பண்ணித் தருகிறேன்" என்றார்.

ஐப்பசியில் என் பணத்திலேயே ஒரு சாதாரண 24 அங்குல மானிட்டர் வாங்கினேன். அதற்கு மூளை கிடையாது. அங்குலத்துக்கு 92 புள்ளி உண்டு. எனக்கு அது போதும். பெரிய பெட்டி கூடத்தில் மாமியாரின் சீரியலைக் கோடில்லாமல் காட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது.

அப்படியானால் ஸ்மார்ட் மானிட்டரே ஆகாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் பாவம். தங்கையின் பிள்ளையே ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு அப்படி ஒன்றைத்தான் வைத்திருக்கிறான். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி சினிமா. போட்டிக்கு ஆள் இல்லை. விடுதிப் பிள்ளைகளுக்கும், தனியாக இருப்பவர்களுக்கும், இடம் குறைந்த வீட்டில் இருவராக இருப்பவர்களுக்கும் அது நல்ல துணை. ஆனால் எழுத்து வேலை செய்கிறவர்கள் 32 அங்குலம் வாங்கினால் 4கே என்கிற ரகமாகப் பார்த்து வாங்குங்கள். அங்குலத்துக்கு 138 புள்ளி தேறும். பழைய லாப்டாப்பாக இருந்தால் அது 4கே படத்தை வினாடிக்கு 60 முறை அனுப்புமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 30 முறைதான் அனுப்பும் என்றால் சுட்டி அம்பு நொண்டி நொண்டி நடக்கும். உள்ளே இருக்கிற டெலிவிஷன் மூளைக்குச் சில வருஷங்களில் வயதாகிவிடும், புதிய ஆப்கள் அதில் வராமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். திரை அதற்குப் பிறகும் உழைக்கும்.

கடைக்குப் போகும்போது லாப்டாப்பையும் எடுத்துப் போங்கள். ஓடுகிற அருவியையும் பறக்கிற கிளியையும் காட்டி அவர்கள் உங்களை மயக்குவார்கள். மயங்காமல், மஞ்சளில் சிவப்பாக 'மணமகள்' என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று சுழியை எண்ணுங்கள். மூன்று வந்தால் வாங்குங்கள்.

இப்போதெல்லாம் நான் எந்தப் பத்திரிகையையும் தாளில் ஒரு பிரதி எடுக்காமல் அனுப்புவதில்லை. சீரியலுக்கு நடுவே விளம்பரம் வந்ததும் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்கே, கொண்டா பார்க்கலாம்" என்று கையை நீட்டுகிறார். இதுவரை அவர் கண்ணுக்குத் தப்பிய சுழி ஒன்றுகூட இல்லை.