பிடுங்கறதுக்கு முன்னாடி எண்ணுங்க பாஸ்!

கடுகு தெரியும். கடுகுப் பூ தெரியுமா? சின்னதா, மஞ்சளா, கூட்டல் குறி மாதிரி நாலு இதழ். முள்ளங்கி, முட்டைகோஸ், காலிஃப்ளவர் எல்லாம் அதோட ஒண்ணுவிட்ட சொந்தங்கள். பாட்டனி ஸ்டூடண்ட்ஸுக்கு 'குரூசிஃபெரே'ன்னு சொன்னா சட்டுனு ஞாபகம் வரும். ரெக்கார்ட் நோட்டுல படம் போட்டு, மார்க் வாங்கி, அதோட மறந்துபோற பாடம்!

எனக்கு அது உதவினது அமெரிக்காவுல. யூட்டா மாநிலத்தோட வடக்குப் பக்க மலைகள்ல 'டையர்ஸ் வோட்'னு ஒரு களை பாடாய்ப்படுத்துது. ஐரோப்பா, ஆசியா பக்கத்துச் செடி. நம்ம ஊர் அவுரியில கிடைக்கிற அதே நீலச் சாயம் இதோட இலையிலயும் உண்டு. ஆழமா வேர் விட்டு, விதையை வாரி இறைச்சு, மண்ணின் செடிகளை விரட்டிடும். விதை விழறதுக்குள்ள பிடுங்கணும். அங்கே படிச்சப்ப ஒரு சனிக்கிழமை நானும் ரூம்மேட்டும் தன்னார்வலர்களா கிளம்பிட்டோம்.

"மச்சான், மஞ்சளா இருந்தா பிடுங்கு, அவ்வளவுதான்"னான் அவன். பாறை இடுக்குல ஒரு மஞ்சள் பூங்கொத்து. அவன் கை நீண்டுடுச்சு. "இருடா"ன்னு குனிஞ்சேன்.

இதழ் நாலு. மகரந்தத் தாள் ஆறு. அதுல நாலு நெட்டை, ரெண்டு குட்டை. கடுகுக் குடும்பமேதான்! ஆனா, டையர்ஸ் வோட்டும் அதே குடும்பமாச்சே? அங்கேதான் விஷயம். வோட்டுக்குப் பொடிப்பொடிப் பூ, நீலம் பூசின மாதிரி இலை, தட்டையாத் தொங்கற காய். இதுல பூ ஒவ்வொண்ணும் பெரிசு, நல்ல வாசனை. காய் மெலிசா, நீளமா, நாலு பட்டையோட மேல்நோக்கி நிக்குது. இது 'வெஸ்டர்ன் வால்ஃப்ளவர்'. அந்த மலைக்கே சொந்தக்காரி!

கூட்டிட்டுப் போனவர் வந்து பார்த்து, "விட்டுடுங்க"ன்னு தலையாட்டினார். இந்தச் செடி பெரும்பாலும் முதல் வருஷம் வெறும் இலைக் கொத்தாக் கிடக்கும். அப்புறம்தான் பூக்கும், காய்க்கும், காயும். பூத்த நேரத்துல பிடுங்கினா ஒரு செடி மட்டுமில்லை, அதோட அடுத்த தலைமுறையே காலி.

பேரைக் கவனிச்சீங்களா? இதோட ஐரோப்பிய அக்கா பழைய கல் சுவர்கள்ல முளைக்கும். அதனால வால்ஃப்ளவர். அப்புறம் டான்ஸ் பார்ட்டியில ஜோடி இல்லாம சுவரோரமா நிக்கிற பொண்ணுக்கும் அதே பேரை வெச்சுட்டாங்க. கல்ச்சுரல்ஸ்ல ஓரமா நின்னே பழகின எனக்கு அந்தப் பூ மேல ஒரு தனிப் பாசம்!

ஒரு எச்சரிக்கை... நாலு இதழ் இருந்தாலே கடுகுக் குடும்பம்னு முடிவு பண்ணாதீங்க. 'ஈவ்னிங் ப்ரிம்ரோஸ்' பூவுக்கும் இதழ் நாலுதான். ஆனா, தாள் எட்டு. அதனால உள்ளேயும் எண்ணிடுங்க. செடியிலேயே வெச்சு எண்ணலாம், பறிக்க வேண்டாம்.

அடுத்த முறை என்.எஸ்.எஸ். கேம்ப்ல பார்த்தீனியம் ஒழிக்கக் கிளம்பறப்போ, பக்கத்துல நிக்கிற செடி யாருன்னும் ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க. களையைப் பிடுங்க பலம் போதும் ஃப்ரெண்ட்ஸ். எதை விட்டு வைக்கணும்னு தெரியத்தான் படிப்பு வேணும்!